ஷட்டர் இறங்காத கடை

உடுமலை வக்கீல் வீதியில் இருக்கும் மண்வாசம் இயற்கை அங்காடியின் ஷட்டர் ஒரு போகிப் பண்டிகை சாயங்காலம் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் சாந்தாமணியக்கா கொக்கிக் கம்பியை மாட்டி இழுத்த இழுப்புக்கெல்லாம் அது அசையாமல் நின்ற விதத்திலேயே வீதிக்குப் புரிந்துவிட்டது, புரிந்ததும் நாங்கள் பதறவில்லை, ஓடிப்போய் கை கொடுக்கவில்லை, அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய் வேப்பிலையும் ஆவாரம்பூவும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டினோம். மறுநாள் பொங்கலுக்கு நாட்டுச் சர்க்கரை மறந்துபோனவர்கள் விடியுமுன்னே போய் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். என் கடை ஷட்டர் சொன்ன பேச்சுக் கேட்கும், ஏற்றினால் ஏறும், இறக்கினால் இறங்கும், ஏற்றியே வைத்திருந்தாலும் ஆள்தான் வராது. அதனால் எதிர்க்கடையில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க எனக்கு நேரமும் இருந்தது, பார்க்கப் பார்க்க எரிச்சலும் இருந்தது.

அந்தக் கடையை ஆரம்பித்தது சாந்தாமணியக்காவின் வீட்டுக்காரர் குழந்தைவேல். நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர், யாரோ ஒரு பெரியவர் எங்கேயோ பேசிய பேச்சைக் கேட்டுவிட்டு வந்து, இனி விஷம் தெளிக்காத அரிசியைத்தான் ஊருக்குப் போடுவது என்று முடிவுசெய்து வேலையை விட்டார், அப்போது ஒரே மகள் மிருதுளா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள், மாப்பிள்ளைச் சம்பா என்றால் ஊரில் பாதிப்பேர் கல்யாணச் சமாச்சாரம் என்று நினைத்த காலம் அது. நல்ல மனிதர். தொந்தரவே அதுதான். கெட்ட மனிதராக இருந்தால் அக்கா ஒரு நாளாவது கத்தியிருக்கும். இவர் கடையைத் திறந்து வைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசப் போய்விட்டார், கல்லூரியில் பேசினார், கல்யாண மண்டபத்தில் பேசினார், கோயில் கும்பாபிஷேகத்தில் பேசினார், பேசும் இடத்திலெல்லாம் கையைக் கூப்பி 'இது எங்க குடும்பக் கடைங்க' என்று சொன்னார். அந்தக் குடும்பம் கடையில் நின்றுகொண்டு சாமையைப் புடைத்தது, வரகில் கல் பொறுக்கியது, மொட்டை மாடியில் தினையைக் காயப்போட்டது, மழைக்கு முன்னால் ஓடிப்போய் அள்ளியது. அந்தக் குடும்பத்துக்குப் பெயர் சாந்தாமணி.

அக்கா வியாபாரம் செய்யும் முறையே வேறு. ஆள் வந்து நின்றதும் 'என்ன வேணும்' என்று கேட்காது, 'போன வாட்டி வாங்குனது தீந்துச்சா' என்று கேட்கும். தீரவில்லை என்றால் கொடுக்காது, 'தீரட்டும், அப்பறம் வாங்க, வண்டு புடிச்சுப் போச்சுன்னா என்னையத்தான் சொல்லுவீங்க' என்று திருப்பி அனுப்பிவிடும். சத்துமாவு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு சேர்மானம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சென்னியப்பன் வீட்டுக்கு நிலக்கடலை கூடாது, மெஸ் நடத்தும் ருக்குமணி வீட்டுக்கு ராகி தூக்கலாக இருக்க வேண்டும், எங்கள் வீட்டுக்கு ஏலக்காய் ஆகாது, எல்லாம் அதன் தலைக்குள்ளேயே இருந்தது. இப்படித் திருப்பி அனுப்புகிற கடை எப்படி உருப்படும் என்று ஆரம்பத்தில் சிரித்தோம். உருப்பட்டுவிட்டது. அக்காவுக்கு வேண்டிய மட்டும் உருப்பட்டது, பிறகு வேண்டாத அளவுக்கும் உருப்பட்டது.

அந்த மார்கழியில் அக்கா கடையை நிறுத்திவிடுவது என்று தீர்மானித்தது. மூட்டு வலி ஒரு காரணம், நாக்பூரில் கட்டிக்கொடுத்த மிருதுளா உண்டாகியிருந்தாள், அது பெரிய காரணம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை, ஆனால் டாக்டர் பயணமே கூடாது என்று சொல்லிவிட்டார், மாப்பிள்ளைக்கோ அம்மா இல்லை. 'நான் போயி அவகூட இருந்துக்கறேன், கடைய மூடிரலாமுங்க' என்று அக்கா சொன்னதற்கு குழந்தைவேல், 'ஆகட்டும், பாக்கலாம்' என்றார். அவர் ஆகட்டும் என்று சொன்னதை அக்கா பிடித்துக்கொண்டது, பாக்கலாம் என்று சொன்னதை விட்டுவிட்டது. தை பிறந்தால் கடை இருக்காது என்று அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டது.

அவ்வளவுதான், ஊர் திரண்டு வந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் வந்து நின்று, 'இது என்னுங்க்கா இப்படிச் சொல்லிப்போட்டீங்க, நீங்க மூடிட்டா நாங்க எங்கீங்க போறது' என்றோம். சர்க்கரை வியாதிக்காரர்கள் சொன்னார்கள், பிள்ளை பெற்றவர்கள் சொன்னார்கள், ஜிம்முக்குப் போகிற பையன்கள் சொன்னார்கள், நானும் சொன்னேன், ஒரே வாக்கியத்தை மார்கழி முழுக்க மாற்றி மாற்றிச் சொன்னோம், பஜனை பாடிக்கொண்டு போகிறவர்கள் நாமத்தைச் சொல்வதைப் போலச் சொன்னோம். எதற்காகப் போகிறாய் என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. இத்தனை பேர் இத்தனை தடவை ஒன்றைச் சொன்னால் இரும்புக்கும் காது உண்டு போலிருக்கிறது, போகியன்று ஷட்டர் மேலேயே நின்றுகொண்டது.

மெக்கானிக் வந்து பார்த்தான். 'ஸ்பிரிங்கு நல்லாத்தான் இருக்குதுங்க, ஷட்டருக்குத்தான் மனசு இல்லீங்க' என்று சொல்லி, அதைக் கழற்றி எடுத்துவந்து சோதனைக்காக என் கடையில் மாட்டினான், இங்கே அது எண்ணெய் போட்ட மாதிரி இறங்கியது. புது ஷட்டர் வாங்கி அங்கே மாட்டினால் புதுசும் ஏறி நின்றுகொண்டது. மடக்குக் கேட் போட்டார்கள், அது பூட்டப் போகும்போதெல்லாம் இரண்டு பக்கமும் ஒதுங்கிக்கொண்டது. தார்ப்பாய் கட்டினார்கள், தானே சுருண்டு மேலே போய்விட்டது. கடைசியில் அக்கா ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டியது, காற்றே இல்லாத மத்தியானத்தில் அந்தச் சேலை விலகி வழி விட்டது. மெக்கானிக் கூலி வாங்காமல், போகிறபோது அரைக் கிலோ கருப்பட்டி மட்டும் வாங்கிக்கொண்டு போனான்.

எங்கள் ஊருக்கு எதுவும் நெடுநாள் அதிசயமாக இருக்காது. மாசி வருவதற்குள் மூடாத கடை எங்களுக்கு வசதியாகிவிட்டது, வசதியானதும் அது இயற்கையாகிவிட்டது. நடைப்பயிற்சிக்காரர்கள் இருட்டோடு வந்து கம்பங்கூழ் குடித்தார்கள், முதல் பஸ் கண்டக்டர்கள் முறுக்கு வாங்கினார்கள், கல்யாணப் பத்திரிகையை முதலில் மாரியம்மனுக்கு வைத்துவிட்டு அடுத்தது ஷட்டருக்கு வைத்தார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். அதற்குக் குங்குமம் வைத்தார்கள், வெள்ளிக்கிழமை மாலை போட்டார்கள், பக்கத்திலேயே ஒரு பூக்கடை முளைத்தது. அக்கா தூங்கப் போகும் நேரத்தில் திறந்த கடைக்கு யார் காவல் என்ற கேள்வி வந்தபோது வீதியே முறை வைத்துக் காவல் இருந்தது, ஒரு மிளகுகூடக் களவு போகவில்லை. ஒரு நல்ல திருடன் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருந்தால் அன்றைக்கே அக்காவுக்கு விடிந்திருக்கும் என்று நான் சொன்னதற்கு என் வீட்டுக்காரி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அவளுக்கு அங்கே வாங்கும் செக்கு எண்ணெய் இல்லாமல் ஆகாது.

பங்குனியில் நாக்பூரில் மிருதுளா புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினாள். அக்கா குழந்தைவேலைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு, பட்டுச் சேலை கட்டி, கோயமுத்தூர் பஸ் பிடிக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. பின்னாலேயே ஒரு அம்மா வந்து 'அக்கா, தூயமல்லி எந்த மூட்டைன்னு அண்ணன் கேக்கறாருங்க' என்றாள். அவள் போவதற்குள் இன்னொருத்தர் வந்து திரிகடுகம் எங்கே என்றார், அப்புறம் ஒருவர் தன் வீட்டுச் சத்துமாவில் பாதாம் உண்டா இல்லையா என்றார், பிறகு பையோடு ஒரு வரிசையே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றது, கண்டக்டர் விசில் ஊதினான், பஸ் போய்விட்டது. அக்கா அந்த வரிசையைக் கூட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பி வந்தது. பட்டுச் சேலையை மாற்றாமலேயே அன்று முழுக்க அளந்து போட்டது, எங்களில் சிலர் 'அக்கா இன்னிக்கு லட்சுமி மாதிரி இருக்குது' என்று வேறு சொன்னோம்.

அதற்குப் பிறகுதான் அக்கா கடையைக் கெடுக்கப் பார்த்தது. முதலில் அரிசியில் கல்லைக் கலந்தது, பொறுக்கி எடுத்த கல்லையெல்லாம் திரும்பப் போட்டது. நாங்கள் சோற்றில் நறநறவென்று கடித்துவிட்டு, 'மிசின்ல பாலிஷ் போடாத அரிசின்னா இப்படித்தான் இருக்கும்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். வண்டு பிடித்த பயறை மேலாகப் பரப்பி வைத்தது, வண்டே சாப்பிடுகிறது என்றால் மருந்து அடிக்கவில்லை என்றுதானே அர்த்தம் என்று சென்னியப்பன் வாத்தியார் வீதியில் நின்று விளக்கினார், பயறு அன்றைக்கே தீர்ந்தது. விலையை ஏற்றியது, இப்போதுதான் இது அசல் என்று பெரிய காரில் வருகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். கடைசியில் வாய்க்கு வந்தபடி திட்டியது, 'உங்களுக்கெல்லாம் வேற வேல இல்லியா, சோறு திங்கறதத் தவர வேறொண்ணும் தெரியாதா' என்று கேட்டது. அக்கா உரிமையோடு பேசுகிறது, சூப்பர் மார்க்கெட்டில் இப்படி யாராவது பேசுவார்களா என்று நெகிழ்ந்துபோனோம். என்ன செய்தாலும் கடை ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, அதன் காலைப் பிடித்து நிறுத்த அக்காவுக்குக் கை போதவில்லை.

சித்திரையில் வணிகர்கள் கூடி நிலைத்த வெற்றிக்கு என்று ஒரு விருது கொடுத்தார்கள். குழந்தைவேல் வேட்டி சட்டையோடு மேடையேறி உழைப்பு என்றார், நேர்மை என்றார், மண் என்றார், குரல் தழுதழுக்க எங்கள் குடும்பம் என்றார். பிறகு அக்காவையும் மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்து, இத்தனை வருஷம் ஒரு சின்னக் கடை நிற்பதன் ரகசியத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். அக்கா, 'மூட முடியலீங்க, அதான்' என்றது. மண்டபம் சிரித்துக் கைதட்டியது. அக்கா சிரிக்கவில்லை, மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு கைதட்டல் நிற்கட்டும் என்று காத்திருந்தது, நின்றதும் மறுபடி சொல்ல வாயெடுத்தது, அதற்குள் பொன்னாடையைப் போர்த்திவிட்டார்கள்.

அடுத்த வீதியில், வெளியூர்க்காரர்கள் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு இயற்கை உணவுக் கடை திறந்திருந்தார்கள், அது ஆடியைத் தாண்டவில்லை. அதை மூடுகிற அன்று அக்கா தன் கடையை அப்படியே விட்டுவிட்டு நடந்துபோய் அந்த வாசலில் நின்று பார்த்தது, நான் டீ குடிக்கப் போனவன் பக்கத்தில் நின்றேன். ஷட்டர் கடகடவென்று வழுக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்த சத்தத்தைக் கேட்டு அக்கா கண்ணை மூடிக்கொண்டது. மேனேஜராக இருந்த பெண் பூட்டைப் பூட்டிவிட்டு அழுவதுபோல் நின்றாள். அக்கா அவளிடம் போய், 'ஏங்கண்ணு, எப்படி மூடுனீங்க?' என்று கேட்டது.

'எப்படின்னா, மூடுனோங்க்கா. ஒரு மாசமா மூடப்போறோம்னு போர்டு வெச்சோம். வேண்டாம்னு யாருமே வந்து சொல்லல' என்றாள் அவள்.

அக்கா என் பக்கம் திரும்பி, 'கேட்டியா' என்றது. கேட்டேன் என்றேன், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பி வரும்போது அக்காவின் நடையில் அத்தனை மாதமாக இல்லாத ஒரு வேகம் இருந்தது.

இரண்டொரு நாளில் மிருதுளா போன் செய்தாள். கால் வீங்கியிருக்கிறது, டாக்டர் இன்னும் ஒரு வாரம் தாங்காது என்கிறார், நீ எப்போது வருகிறாய் அம்மா என்றாள், கேட்டுவிட்டு அழுதாள், அழுதுவிட்டு, 'உனக்குக் கடைதாம்மா மொதப் புள்ள, எனக்குத் தெரியும், நான் பாத்துக்கறேன், விடு' என்று வைத்துவிட்டாள். அந்தக் கடைசிப் பேச்சை அக்கா எங்களில் யாரிடமும் சொல்லவில்லை, ருக்குமணியிடம் மட்டும் சொன்னது, ருக்குமணி பின்னால் எனக்குச் சொன்னாள்.

மறுநாள் காலையில் அக்கா துணிப்பையையும் பெட்டியையும் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கொக்கிக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே வந்து நின்றது. முதலில் வந்தவர் சென்னியப்பன் வாத்தியார். வழக்கமான கேள்வி வரும் என்று எதிர்பார்த்து, 'போன வாட்டி வாங்குனது தீந்துச்சும்மா' என்று முந்திக்கொண்டார்.

'அது கெடக்குதுங்க. மூடிக்கோன்னு சொல்லுங்க' என்றது அக்கா.

'என்னம்மா?'

'கடைய மூடிக்கோ சாந்தான்னு நீங்க சொல்லோணும். வேண்டாம்னு சொன்னீங்க பாருங்க, அதே வாயில சொல்லோணும். சொல்ற வரைக்கும் ஒரு மணி அரிசி தர மாட்டேன்.'

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'அதுக்கென்ன, மூடிக்கோம்மா' என்றார், ஷட்டர் ஒரு விரற்கடை இறங்கியது, எல்லோரும் பார்த்தோம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர், 'ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும்' என்று ஆரம்பித்தார், அது இறங்கிய விரற்கடையும் ஏறிப் பழைய இடத்துக்கே போய்விட்டது.

அப்படித்தான் அன்று காலை முழுக்க நடந்தது. வந்தவர்களெல்லாம் சொன்னார்கள், சிரித்துக்கொண்டு சொன்னார்கள், போனால் போகிறது என்று சொன்னார்கள், அவசரத்துக்குச் சொல்லிவிட்டுப் பையை நீட்டினார்கள். நானும் போய்ச் சொன்னேன், சொல்லும்போதே வீட்டுக்காரியின் செக்கு எண்ணெய் ஞாபகம் வந்தது, ஷட்டர் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அதற்கு வார்த்தை வேண்டியிருக்கவில்லை, வார்த்தைக்குள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் வேண்டியிருந்தது, எங்களிடமோ வெறும் வார்த்தைதான் இருந்தது. கூட்டம் சேரச் சேர அக்காவின் முகம் சிவந்தது. 'ஒருத்தருக்குமா மனசு வரல' என்று கம்பியைத் தரையில் குத்தியது. 'இத்தன வருசம் உங்க வவுத்தப் பாத்தனே, என்ற புள்ள வவுத்த நான் பாக்க வேண்டாமா?'

அப்போது ருக்குமணி மெஸ்ஸில் கரண்டி பிடித்த கையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அக்கா கடைதான் எல்லாம், அரிசியிலிருந்து புளி வரைக்கும் அங்கேதான், அது நின்றால் அவள் மெஸ் படுத்துவிடும்.

'என்ற மக பிரசவத்துக்கு நான் போகுல' என்றாள். 'முப்பது பேரு சாப்பாட்டுக்கு இருக்காங்கன்னு இருந்துட்டேன். அந்த முப்பது பேர்ல ஒருத்தன் மொகங்கூட இப்ப எனக்கு ஞாபகமில்ல. நீ மூடு சாந்தா. நான் எப்படியோ போறேன், நீ மூடிட்டுப் போ.'

ஷட்டர் ஒரு முழம் இறங்கியது, இறங்கி அங்கேயே நின்றது.

பிறகு எங்களுக்கு வெட்கம் வந்தது. ஊருக்கு வெட்கம் வந்தால் அதுவும் கூட்டமாகத்தான் வரும். சத்துமாவு குடித்து வளர்ந்த பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவள், 'போயிட்டு வாங்க்கா, நான் வேற ஏதாவது ஊட்டிக்கறேன்' என்றாள், வாத்தியார் திரும்ப வந்து ஆனா போடாமல் சொன்னார், பூக்கடைக்காரி தன் பிழைப்பே போகும் என்று தெரிந்தும் சொன்னாள், நானும் எண்ணெயை மறந்து சொன்னேன், ஒவ்வொருவர் சொல்லச் சொல்ல அது குங்குமமும் வாடிய மாலையுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. தலைக்கு வந்தது, மாருக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. முழங்கால் உயரத்தில் வந்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு யார் சொல்லியும் நகரவில்லை.

இன்னும் யார் சொல்லவில்லை என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பல்லடத்தில் ஒரு பள்ளி விழாவில் பேசிவிட்டு அப்போதுதான் பஸ் இறங்கி வந்தார் குழந்தைவேல். விஷயத்தைக் கேட்டார், கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே கலங்கியது, கையைக் கூப்பிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி நின்றார்.

'அன்பார்ந்தவர்களே' என்று ஆரம்பித்தார். 'இந்தக் கடை ஒரு தாயின் தியாகத்தால...'

'அவங்களப் பாத்துப் பேசாதீங்க, என்னையப் பாத்துச் சொல்லுங்க' என்றது அக்கா.

அவர் அக்காவைப் பார்த்தார். எத்தனையோ மேடை கண்ட மனிதர், ஒரு ஆளைப் பார்த்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை. 'மூடிக்கோ சாந்தா' என்றார், 'ஆனா நான் என்ன பண்ணுவேன்' என்று சொல்லாமல் நிறுத்திக்கொண்டார், சொல்லாததும் ஷட்டருக்குக் கேட்டுவிட்டது, அது அப்படியே நின்றது.

அக்கா அவரை ரொம்ப நேரம் பார்க்கவில்லை, பார்க்க நேரமில்லை. குனிந்து, மூட்டுப் பிடித்துக்கொள்ள, அந்த இடைவெளிக்குள் கையை விட்டுப் பெட்டியையும் பையையும் இழுத்தது. கொக்கிக் கம்பியை அவர் கையில் கொடுத்தது. 'மிச்சம் உங்களுதுங்க' என்று சொல்லிவிட்டு ருக்குமணி நிறுத்திய ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தது. இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் பையோடு போகவில்லை.

அதற்குப் பிறகு மண்வாசம் அங்காடி முழங்கால் உயரத்தில் திறந்திருந்தது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்போதும் ஓடியது. என்னதான் வெட்கப்பட்டாலும் பசிக்கும் நேரம் பசிக்கத்தான் செய்கிறது, நாங்கள் போய் வாசலில் குந்தி உட்கார்ந்து வேண்டியதைச் சொன்னோம், குழந்தைவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து உள்ளே போய் எதையோ எடுத்துக்கொண்டு ஊர்ந்து வெளியே வந்தார். சாமை கேட்டால் தினை வந்தது, வாத்தியார் வீட்டுக்கு நிலக்கடலை போட்ட மாவு போய் அவர் வீட்டம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்தது. பேச்சுக்குக் கூப்பிட்டவர்களிடம் வர முடியாது என்றார். ராகி மாவும் மஞ்சள் தூளும் தலையில் அப்பிக்கொண்டு சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அந்தப் பாவம் கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது என்று சொல்லாவிட்டால் நான் பொய்யன். ஒரு நாள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு, 'இத அவ எப்பப் பண்ணுவா? நான் பாத்ததே இல்லையே' என்றார். நீங்க வீட்டுல இருந்தாத்தானுங்களே என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி பொறுக்கினார்.

ஆவணி பிறந்து ஒரு முகூர்த்த நாள், வாசலில் கூட்டம். நாங்கள் குந்தியிருந்தோம், அவர் பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருந்தார், போன் அடித்தது. அப்படியே படுத்த வாக்கில் எடுத்தார், ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது, அக்காவின் குரல் வீதிக்கே கேட்டது.

'பொட்டப்புள்ள பொறந்துருக்குது. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நாந்தான் மொதல்ல கையில வாங்குனேன்.'

'சாந்தா' என்றார். ஊர்ந்து வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தார். எங்களுக்கெல்லாம் அடுத்து அவர் என்ன கேட்பார் என்று தெரியும், அதைத்தான் நாங்களும் கேட்க நினைத்தோம், எப்போது வருகிறாய் என்பதைத்தான். அவர் வாயைத் திறந்தார், எங்களைப் பார்த்தார், கையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தார்.

'வாசல்ல எல்லாரும் நிக்கறாங்க' என்றார்.

'நிக்கட்டுங்க' என்றது அக்கா.

குழந்தைவேல் போனை வாய்க்கருகே கொண்டுபோனார். பிறகு மெதுவாக, பக்கத்தில் இருந்தவனுக்குக்கூடச் சரியாகக் கேட்காத மாதிரி, 'ஆமா, நிக்கட்டும். நீ இரு. உனக்கு எப்ப வரோணும்னு தோணுதோ அப்ப வா. தோணலீன்னா இருந்துக்கோ' என்றார்.

அவருக்குப் பின்னால் ஷட்டர் கடகடவென்று இறங்கித் தரையில் உட்கார்ந்தது. கொக்கியை யாரும் தொடவில்லை. மாலை அறுந்து விழுந்தது, தூசி அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த வீதியில் அந்தக் கடையை மூடிய நிலையில் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்ததால், வேறு யாருடைய கடையோ மாதிரி இருந்தது.

குழந்தைவேல் போனை வைத்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். வெறும் பையோடு நின்றோம். வாத்தியார்தான் மெதுவாகக் கேட்டார், 'இனி எப்பங்க தொறப்பீங்க?'

'எனக்கெப்படிங்க தெரியும்' என்றார் குழந்தைவேல். 'அவளத்தான் கேக்கோணும்.'

அது நியாயம்தான் என்று தோன்றியது. இத்தனை வருஷத்தில் அக்காவிடம் எதையும் கேட்டதில்லை, இப்போதாவது கேட்டுவிடலாம், குழந்தைக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு அப்படியே கேட்டுவிடலாம் என்று வாத்தியார் போனை எடுத்தார், பூக்கடைக்காரி எடுத்தாள், நானும் எடுத்தேன். சாந்தாமணியக்கா என்று எல்லோருடைய போனிலும் ஒரு நம்பர் இருந்தது, கடை போர்டில் இருந்து வாங்கிப் போட்ட நம்பர், ஏறக்குறைய ஒரே நேரத்தில் அதை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டோம். குழந்தைவேலின் சட்டைப் பையில் மணி அடித்தது.